முன்பணம் நீட்டுவதற்கு முன்: கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுக்கு நாங்கள் முன்பணம் கொடுத்தோம். வீடு நான்கு பிள்ளைகளுக்குப் பொது. மூன்று பேர் ஊரில் இருந்தார்கள், மூத்த அக்கா மலேசியாவில். "அக்கா கையெழுத்துதான பாக்கி, நோன்புக்கு வருவாக, போட்டுட்டுப் போயிருவாக" என்றார் புரோக்கர். நம்பினோம். இரண்டு லட்சம் கொடுத்தோம். ஒரு லட்சம் வங்கி வழியாக, ஒரு லட்சம் ரொக்கமாக. வங்கிக்குக் கடன் விண்ணப்பக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கூலி எல்லாம் கட்டினோம். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டோம். எட்டு மாதம் கழித்து அக்கா, "அத்தா வீட்டை விக்கிறதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை. அவரிடம் யாரும் முதலில் கேட்கவே இல்லை.

வங்கியில் போட்ட லட்சம் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மூன்று முறை உட்கார வேண்டியிருந்தது. கட்டணங்களாகப் போன முப்பத்தெட்டாயிரம் போனதுதான். அந்த முப்பத்தெட்டாயிரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. முன்பணம் போய்விடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். வீடு கைக்கு வருவதற்குள் நூலாய்ப் பிரிந்து போகும் செலவுகளை யாரும் எண்ணுவதில்லை. வரிசை தெரிந்து செலவு செய்தால் இரண்டையும் பெருமளவு காக்கலாம். செலவில்லாத சோதனை முதலில், சின்னச் செலவு அடுத்து, பெரிய செலவு கடைசியில். நாங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டோம்.

முதல் படி: காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிடுங்கள்

வீடு பிடித்திருக்கிறது என்று தோன்றிய அன்றைக்கே விற்பவரிடம் ஆவணங்களின் ஜெராக்ஸ் கேளுங்கள்: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள் (சொத்து முன்பு கைமாறி வந்த பழைய பத்திரங்கள்), பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று. ஜெராக்ஸ் தரத் தயங்குகிறவரிடம் அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். அசலை ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் எந்த வங்கி, பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் அதில் கிடைக்கும். அதில் இல்லாத பழையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நம் பகுதியில் பதிவு எல்லைகள் மாறியிருக்கின்றன, புதிய வட்டங்களும் பிரிந்திருக்கின்றன. அதனால் ஒரே அலுவலகத்தில் தேடி "வில்லங்கம் இல்லை" என்று வந்ததும் திருப்தி அடையாதீர்கள். அந்தக் கிராமம் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று பத்திர எழுத்தரிடம் கேட்டு அங்கும் தேடுங்கள். பட்டாவையும், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா, கூட்டுப்பட்டாவா தனிப்பட்டாவா, புறம்போக்கு என்று எங்காவது வருகிறதா என்பது ஒரு மணி நேர வேலை.

பத்திரத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். விற்பவருக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது? கிரயமா, தானமா, பாகப்பிரிவினையா, தகப்பனார் இறந்த பிறகு வாரிசாகவா? வாரிசாக வந்தது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம், தொண்டி, தேவிபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் குடும்பத்தில் ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களில் தகப்பன் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான். "பொம்பளப் பிள்ளைகளுக்குச் சீர் செஞ்சாச்சு, அதுக கேக்காதுக" என்று விற்பவர் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை மட்டுமே. வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் போன் செய்து, "வீட்டை விற்கச் சம்மதமா, விலை தெரியுமா?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தால்கூட நல்லது. நாங்கள் செய்யாமல் விட்ட ஒரு போன், எட்டு மாதத்தையும் முப்பத்தெட்டாயிரத்தையும் கொண்டுபோனது.

பங்குதாரர்களில் மைனர் இருந்தால் இந்து குடும்பத்தில் 1956 சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். முஸ்லிம் குடும்பத்தில் தாய், மைனர் பிள்ளையின் சொத்துக்குச் சட்டப்படியான காப்பாளர் அல்ல. அவர் கையெழுத்தை மட்டும் நம்பி வாங்கினால் பிள்ளை பெரியவனானதும் கேள்வி வரும்.

இரண்டாம் படி: இந்தக் கடற்கரைக்கே உரிய மூன்று தடைகள்

மதுரையில் வீடு வாங்குகிறவர் கேட்கத் தேவையில்லாத கேள்விகளை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கிரயம் பாதியில் நிற்பதற்கு இங்கே இவைதான் பெரும்பாலும் காரணம்.

ஒன்று, கடல். கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டர் வரை நீளும். ஊரகப் பகுதியில் 2011 அறிவிக்கையின்படி முதல் 200 மீட்டர் கட்டுமானத்துக்குத் தடைப்பட்ட பகுதி. அங்கே ஏற்கெனவே இருக்கும் அனுமதி பெற்ற வீட்டைப் பழுது பார்க்கலாம், பெரிதாக்க முடியாது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரக் குடிகளுக்குச் சில சலுகைகள் உண்டு. வெளியிலிருந்து வாங்குகிறவருக்கு அவை பொருந்தாது. 2019-ல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் இந்தத் தூரத்தைக் குறைத்தது. ஆனால் அந்தந்தக் கடற்கரைக்கான மேலாண்மை வரைபடம் ஒப்புதல் ஆன பிறகே அது நடைமுறைக்கு வரும். ஆகவே, "இப்பல்லாம் அம்பது மீட்டர்தான்" என்று யாராவது சொன்னால் சர்வே எண்ணைக் காட்டி வரைபடத்தில் பார்த்துவிட்டு நம்புங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-லிருந்து இருக்கிறது. சதுப்புக் காடு, பவளத்திட்டு, ஆமை முட்டையிடும் இடம் இருக்கும் பகுதிகளில் விதி இன்னும் இறுக்கம். வங்கி வழக்கறிஞர் இதைக் கண்டுபிடித்து "கடன் இல்லை" என்று சொல்வதற்குள் உங்கள் கட்டணம் போயிருக்கும்.

இரண்டு, கோயில் நிலமும் வக்பு நிலமும். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்திலிருந்து கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் தர்காக்களுக்கும் மானியமாக விடப்பட்ட நிலம் இந்த மாவட்டத்தில் ஏராளம். தலைமுறையாகக் குடியிருப்பவர் அதைத் தன் சொந்தம் என்றே மனதார நம்பியிருப்பார். வீட்டு வரியும் கட்டியிருப்பார். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி அரசு, அறநிலைய, வக்பு நிலம் என்று தெரிந்தால் சார்பதிவாளர் பதிவை மறுக்கலாம். ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி, ராமேஸ்வரம் பக்கம் வாங்குகிறவர்கள் அறநிலையத்துறைக்கும் வக்பு வாரியத்துக்கும் சர்வே எண்ணைக் குறித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுவிடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். முன்பணத்துக்கு முன் ஒரு மாதம் காத்திருக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். காத்திருங்கள்.

மூன்று, பவர் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர், தன் சார்பில் விற்றுக் கையெழுத்திடத் தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் கொடுத்திருப்பார். வெளிநாட்டில் எழுதியது என்றால் இந்தியத் தூதரகச் சான்று இருக்கிறதா, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவின்போது கேட்பார்கள். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே வீடியோ அழைப்பில் அவரிடம் நேராகப் பேசிவிடுங்கள். விற்பவர் வருமானவரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால், 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்துக்கு உள்ளூர்க்காரரிடம் வாங்குகிறவர் பிடிக்கும் 1 சதவீத வரி அவருக்குப் பொருந்தாது. வரிப்பிடித்தம் வேறு, விகிதம் அதிகம், தொகை வரம்பும் கிடையாது. இதைக் கடைசி நாளில் சொன்னால் விலை பேச்சே உடையும்.

மூன்றாம் படி: சின்னச் செலவு

மேலே சொன்னதெல்லாம் நன்றாக வந்தால், இப்போது ஒரு வழக்கறிஞரிடம் கருத்துரை வாங்குங்கள். நீங்கள் கடன் கேட்கப்போகும் வங்கியின் பட்டியலில் இருக்கும் வழக்கறிஞராகவே இருந்தால், அதே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டியிருக்காது. கூடவே உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை வங்கியில் கேட்டு வையுங்கள். சொத்தைக் காட்டாமலே கொள்கையளவில் ஒப்புதல் தருவார்கள். முழு விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், கடன் மறுக்கப்பட்டால் அதில் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் திரும்பாது, தெரிந்து கட்டுவது நல்லது.

மனை அனுமதியில்லாத பிரிவில் இருந்தால் 20.10.2016 என்ற தேதியைக் கவனியுங்கள். அதற்கு முன் பதிவான மனைகளுக்குத்தான், அனுமதியில்லாததை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை உத்தரவு இல்லாத மனையில் நிற்கும் வீட்டுக்கு வங்கி முகம் சுளிக்கும்.

சர்வேயரை வைத்து அளப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பனை வரிசையும் கருவேல வேலியும் எல்லையைக் காட்டும் என்று நம்பி வாங்கி, அளந்தபோது முக்கால் சென்ட் குறைந்து, விலை தகராறாகி, கிரயமே நின்ற கதையை மண்டபத்தில் கேட்டிருக்கிறேன்.

விற்பவர், "வேற ஆள் வர்றாக, ஏதாவது கையில குடுத்து வைங்க" என்று அவசரப்படுத்துவார். அப்போது ஐயாயிரமோ பத்தாயிரமோ வங்கி வழியாகப் போட்டு, ஒரு தாளில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: "ஆவணச் சரிபார்ப்புக்கு 30 நாள் அவகாசம் பெறும் பொருட்டு இத்தொகை பெறப்பட்டது. சரிபார்ப்பில் குறை காணப்பட்டால் முழுவதும் திருப்பித் தரப்படும்." பெரிய முன்பணத்தை இந்தத் தாள் தள்ளிப்போடும்.

நான்காம் படி: ஒப்பந்தம்

இதில்தான் எல்லாம் இருக்கிறது, ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

அச்சாரம் என்பதும் முன்பணம் என்பதும் பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு வேறு. அச்சாரம் என்பது வாக்குறுதிக்குப் பிணை. வாங்குகிறவர் பின்வாங்கினால் அதை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால், நியாயமான அளவு வரை அவர் வைத்துக்கொள்ள முடியும். கிரயத் தொகையில் ஒரு பகுதியாகக் கொடுத்த முன்பணத்தை அப்படி முழுங்கிவிட முடியாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், 2012-லும் 2015-லும் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளும் இந்த வழியில்தான் போகின்றன. பத்திர எழுத்தர்கள் பழைய மாதிரியைப் பார்த்து, "கெடு தவறினால் முன்பணம் இழக்க வேண்டியது" என்று கை போன போக்கில் எழுதிவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். அதற்குப் பதிலாக நான் கேட்டு எழுதவைக்கும் வாசகங்கள் இவை (1-வது நபர் விற்பவர், 2-வது நபர் வாங்குகிறவர்):

"மேற்படி தொகை கிரயத் தொகையின் ஒரு பகுதியாகப் பெறப்பட்ட முன்பணமேயன்றி அச்சாரம் அன்று."

"வில்லங்கம், வாரிசு உரிமை, அளவுக் குறைவு, அரசு அல்லது அறநிலைய அல்லது வக்பு உரிமை, கடற்கரை மண்டலத் தடை ஆகியவற்றாலோ, வங்கி வழக்கறிஞரின் கருத்துரை பாதகமாக அமைந்ததாலோ கிரயம் நிறைவேறாவிட்டால், எழுத்து மூலம் தெரிவித்த 15 நாட்களுக்குள் முழு முன்பணத்தையும் வங்கி வழியாக நம்மில் 1-வது நபர் திருப்பித் தர வேண்டியது. தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டியது."

"நம்மில் 1-வது நபர் பின்வாங்கினாலோ, அவர் தரப்பு உரிமைக் குறையால் கிரயம் நின்றாலோ, 2-வது நபர் கருத்துரை, மதிப்பீடு, அளவை, கடன் விண்ணப்பம், ஒப்பந்தப் பதிவு ஆகியவற்றுக்கு ரசீதுடன் செலவிட்ட தொகையை ரூ.50,000 வரம்புக்கு உட்பட்டு ஈடு செய்ய வேண்டியது."

மூன்றாவது வாசகம்தான் போன செலவுகளைத் திரும்பக் கொண்டுவரும். விற்பவர் முதலில் முகம் சுருக்குவார். வரம்பு போட்டிருப்பதைக் காட்டுங்கள். உங்கள் சொந்த மனமாற்றத்தால் நின்றால் அவருக்கும் இதே அளவு ஈடு தருகிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையானவர் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்பவர் தன் பத்திரத்தைப் பற்றி உங்களுக்கு ஏதோ சொல்கிறார்.

வாரிசுகள் அனைவரும் ஒப்பந்தத்திலேயே கையெழுத்திட வேண்டும். "கிரயத்தன்று போடுவார்" என்பதை ஏற்காதீர்கள். கெடு தேதியை நாள், மாதம், ஆண்டோடு எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் யார் எந்த ஆவணத்தைக் கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

பிறகு அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கிரய ஒப்பந்தம் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். சுவாதீனம் கொடுக்காத, அதாவது வீட்டை இன்னும் கையில் ஒப்படைக்காத, ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு இரண்டாயிரம். இதை மிச்சம் பிடிக்க வெள்ளைத் தாளிலோ 20 ரூபாய் பத்திரத்திலோ எழுதி வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் உங்கள் பெயர் ஏறும். விற்பவர் அதே வீட்டைக் காட்டி இன்னொருவரிடம் முன்பணம் வாங்குவது கடினமாகும். நீங்கள் கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே பாத்தியதை உண்டு என்று 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நிலைநாட்ட எழுத்து கையில் இருக்க வேண்டும்.

பணம் ரொக்கமாக வேண்டவே வேண்டாம். வீடு, மனை பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமானவரிச் சட்டம் இடம் தருகிறது. இதை விற்பவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பல பேருக்குத் தெரியாது, தெரிந்ததும் அவர்களே வங்கி எண்ணைத் தருவார்கள். முன்பணத்தின் அளவையும் குறையுங்கள். கிரயத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

புரோக்கர் கூலி கிரயம் முடிந்த அன்றுதான். ஒப்பந்தத்தன்று பாதி கேட்பார், கொடுத்தால், "வேலைய முடிச்சுக் குடுத்தேன், கிரயம் நின்னதுக்கு நான் என்ன செய்ய?" என்பார்.

ஐந்தாம் படி: பெரிய செலவுகளைக் கடைசி நாள் வரை தள்ளுங்கள்

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். எல்லா வாரிசும் ஊருக்கு வந்து சேர்ந்து, அசல் பத்திரங்கள் மேசைக்கு வந்து, வங்கியின் காசோலை தயாரான பிறகே முத்திரைத்தாள் வாங்குங்கள். வாங்கிய பின் கிரயம் நின்றால், பயன்படுத்தாத முத்திரைத்தாளை ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்து, ரூபாய்க்குப் பத்து பைசா கழித்துக்கொண்டு மீதியைத் திரும்பக் கேட்க முத்திரைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் அது வெறும் தாள்.

வாடகை வீட்டைக் காலி செய்வது, மர வேலைக்கு முன்பணம் கொடுப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுவது எல்லாம் பதிவு முடிந்த மறுநாள். பால் காய்ச்ச நாள் குறித்து உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டதாலேயே குறையைப் பார்த்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆறாம் படி: நின்றே போய்விட்டால்

கெடு முடிவதற்கு முன்பே, மீதிப் பணத்தோடு தயாராக இருக்கிறேன் என்று பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் எழுதிவிடுங்கள். பணமோ கடன் ஒப்புதலோ இருந்ததற்கான வங்கிக் கணக்கு நகலையும் எடுத்து வையுங்கள். நீங்கள் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தீர்களா என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி. செலவு ரசீதுகளை ஒரே உறையில் போட்டு, கூட்டுத் தொகையோடு விற்பவருக்கு நகல் கொடுங்கள்.

ஜமாத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னோ பேசி முடிப்பது நம் பக்கம் வழக்கம், அது மலிவும்கூட. ஆனால் பேசியதை அங்கேயே எழுதி, தேதி போட்டு, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திடாமல் எழுந்து வராதீர்கள். அங்கே முடியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வாங்குவது மனைவி பெயரில் என்றால் மனுவும் அவர் பெயரில்.

வழக்குத்தான் வழி என்றால், கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். வழக்கறிஞரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கிலேயே, "இல்லாவிட்டால் முன்பணத்தையாவது வட்டியோடு திருப்பித் தர வேண்டும்" என்ற மாற்றுக் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும். 1963 குறித்த நிவாரணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, கேட்காத முன்பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது.

ஒரே வீட்டை இரண்டு பேருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலோ, இல்லாத உரிமையைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தாலோ அது ஏமாற்று. காவல்துறையில் புகார் கொடுக்கலாம். அக்கா சம்மதிக்கவில்லை, பிள்ளை மனம் மாறினான் என்பதெல்லாம் அப்படி ஆகாது. அதற்கு ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து நாளை வீணாக்க வேண்டாம்.

பணம் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டதும் விற்பவர் ஒன்று கேட்பார்: பதிவான ஒப்பந்தத்தை ரத்து செய்து தாருங்கள் என்று. அவர் கேட்பது நியாயம்தான், அந்தப் பதிவு இருக்கும் வரை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் கடைசிப் பிடியும் அதுவே. ரத்து ஆவணம் எழுதி வைக்கட்டும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் சேர்ந்து போகலாம். முன்பணமும், ஒப்பந்தத்தில் எழுதிய செலவு ஈடும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் போனில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். காசோலையாகக் கொடுத்தால் அது பணமாகும் வரை பதிவைத் தள்ளி வையுங்கள்.